ஊசியின் ஆழமும் உடலின் உள்ளமைப்பும்: வர்மம், மர்மம், அக்குபங்சர் மரபுகளில் அளவுச் சொற்கள்

ஆய்வுச் சுருக்கம்

வர்மப் புள்ளிகளையும் அக்குபங்சர் புள்ளிகளையும் இணைத்துக் காட்டும் ஒப்பீடுகள் பெரும்பாலும் தோலின் மேற்பரப்பில் அவை அமையும் இடத்தையே கருத்தில் கொள்கின்றன. அப்புள்ளிகளுக்குக் கீழே உள்ள உறுப்பு எது, அங்கு ஊசியோ கருவியோ எவ்வளவு ஆழம் செல்லலாம் என்பனவற்றை ஒவ்வொரு மரபும் எவ்வாறு அறிந்தது, எந்த அளவையால் குறித்தது என்பது தனியே ஆராயத்தக்கது. மாத்திரை, யவம், அங்குலம், சுன் ஆகிய அளவுச் சொற்களைப் பின்தொடரும் இக்கட்டுரை, இடம் ஒத்திருப்பதால் ஆழமும் ஒத்திருக்கும் என்னும் எடுகோளுக்கு மூலநூல்களில் ஆதாரம் இல்லை என வாதிடுகிறது.

குறிச்சொற்கள்: வர்மம், மர்மம், அக்குபங்சர், மாத்திரை, அங்குலம், சல்லியக்கிரியை, பழுவூர்

பழுவூர்க் கல்வெட்டும் அது எழுப்பும் வினாவும்

அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூர் கல்வெட்டுகளில் சிறுபழுவூர் எனப்படுகிறது. சம்பந்தரின் பதிகம் பெற்ற ஆலந்துறையார் கோயில் அங்குள்ளது. முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது பொ.ஆ. 919ஐ ஒட்டிய கல்வெட்டு ஒன்று அக்கோயிலில் உண்டு. பாண்டியனும் ஈழத்தரசனும் சேர்ந்து சோழரை எதிர்த்த வேளூர்ப் போரில் பழுவேட்டரையர் கண்டன் அமுதனார் சோழர் பக்கம் நின்று வென்றதையும், அவ்வெற்றியை முன்னிட்டு அவருடைய படைத்தலைவருள் ஒருவனான பரதூர் நக்கன் சாத்தன் ஆலந்துறை மகாதேவர்க்கு விளக்கு வைத்ததையும் அது பதிவுசெய்கிறது.

விளக்கைக் குறித்த கல் புண்பட்டோரைக் குறிக்கவில்லை. கொடைக் கல்வெட்டிடம் அதை எதிர்பார்ப்பதும் பொருந்தாது. ஆயினும் அம்பும் வேலும் தைத்த உடல்களோடு ஒரு படை மீளும்போது, எந்த முனையைப் பிடுங்கலாம், எதைப் பிடுங்கினால் உயிர் போகும் என்று முடிவுசெய்யும் பொறுப்பு யார் மீதாவது விழுந்திருக்கும். அத்தகைய ஒருவரை நாம் கல்வெட்டில் நேராகச் சந்திப்பது ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, காஞ்சிபுரம் பகுதியின் திருமுக்கூடலில். வீரராசேந்திரன் (பொ.ஆ. 1063–1070) காலத்து அக்கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையில் மருத்துவர் ஒருவரோடு சல்லியக்கிரியை செய்வார் ஒருவரையும் தனியே அமர்த்தியதைக் கூறுகிறது. சல்லியம் என்பது உடலில் தைத்து நிற்கும் அயற்பொருள், முதற்பொருள் அம்புமுனை. அறுவை மருத்துவம் முழுவதற்கும் அதுவே பெயராயிற்று. தைத்ததை எடுப்பதிலிருந்து தொடங்கிய கலை, தோலுக்குக் கீழே எத்தனை தொலைவில் என்ன இருக்கிறது என்பதை அறியாமல் நடந்திருக்க முடியாது.

இன்று இவ்வினா வேறு வடிவில் எழுகிறது. அக்குபங்சர் புள்ளியில் ஊசி ஏற்றுபவர் அதன் கீழுள்ள நரம்பு, குருதிக்குழாய், உள்ளுறுப்பு ஆகியவற்றை அறிந்து பாதுகாப்பான ஆழத்தில் நிற்க வேண்டும். தமிழ்ச் சூழலில் அக்குபங்சர் பெரும்பாலும் வர்மத்தோடு இணைத்துப் பேசப்படுகிறது. 2011இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படம் காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர் சீனருக்கு மருத்துவமும் போர்க்கலையும் கற்பித்ததாகக் காட்டியபின், இரண்டும் ஒன்றே என்னும் நம்பிக்கை மேலும் பரவியது. காலக்கணக்கு இதற்கு இடந்தரவில்லை. போதிதருமர் வாழ்ந்ததாகக் கருதப்படும் 5–6ஆம் நூற்றாண்டுகளுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீனாவில் ஊசி மருத்துவ நூல்கள் தொகுக்கப்பட்டுவிட்டன, பொ.ஆ.மு. 113இல் இறந்த லியு ஷெங் என்னும் இளவரசரின் கல்லறையை 1968இல் அகழ்ந்தபோது பொன்னாலும் வெள்ளியாலும் ஆன ஊசிகள் கிடைத்தன.

பழுவூரிலேயே இத்தகைய மற்றொரு கவர்ச்சி காத்திருக்கிறது. அன்பில் செப்பேடு பழுவேட்டரையரைக் கேரள அரசர் என்கிறது. சம்பந்தர் பதிகம் இவ்வூரில் மலையாள அந்தணரைக் குறிக்கிறது. வர்ம மரபு வேரூன்றிய நிலம் கன்னியாகுமரியும் அதையடுத்த தென் கேரளமும் ஆதலால், பழுவேட்டரையர் வழியே வர்மம் காவிரிக்கு வடகரை வந்தது என்று ஒரு வரி எழுதிவிடத் தோன்றும். அதற்குக் கல்லிலும் ஏட்டிலும் சான்று இல்லை. எனவே இக்கட்டுரை தோற்றம் பற்றிய விவாதத்தை விட்டு, ஆழம் எவ்வாறு அளக்கப்பட்டது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

சுசுருதரின் பார்லி மணி

வடமொழி நூல்களுள் ஆழத்தை வெளிப்படையாகப் பேசுவது சுசுருத சம்ஹிதை. அதன் சாரீர தானம் மர்மங்கள் 107 எனக் கொண்டு, அவற்றை இருவகையாகப் பகுக்கிறது. ஒரு பகுப்பு கீழுள்ள பொருளைப் பற்றியது: தசை, சிரை, நாண், என்பு, மூட்டு. மற்றது அடிபட்டால் நேரும் விளைவைப் பற்றியது: உடனே உயிர்போக்குவன 19, காலம் தாழ்த்துப் போக்குவன 33, தைத்ததை எடுத்தால் போக்குவன 3, ஊனம் விளைவிப்பன 44, வலி தருவன 8. முதற் பகுப்பு உடற்கூற்றியல் சார்ந்தது. இரண்டாவது நோயாளியைக் கண்டு தேர்ந்த அறிவு. இரண்டையும் ஒரே பட்டியலின் மேல் வைத்துப் பார்த்ததுதான் அந்நூலின் வலிமை.

மூன்று மர்மங்களே உள்ள ‘விசல்யக்ன’ வகை நமக்குச் சிறப்பாகப் பயன்படுவது. புருவ நடுவிலுள்ள தாபனியும் பொட்டுக்கு மேலுள்ள இரு உத்க்ஷேபங்களும் அவை. தைத்த முனை உள்ளே இருக்கும்வரை அல்லது புண் பழுத்துத் தானே விழும்வரை ஆள் பிழைத்திருப்பார். பிடுங்கினால் இறப்பார் என்கிறது நூல். வேளூரிலிருந்து மீண்ட படையில் எழுந்திருக்கக்கூடிய கேள்விக்கு நேரான விடை இது. மண்டையெலும்பைக் கடந்து நிற்கும் முனை தானே ஒரு அடைப்பாகிக் குருதியைத் தடுத்து நிற்கும் என்று இன்றைய அறுவை மருத்துவரும் விளக்குவார். ஊடுருவி நிற்கும் பொருளை நிகழிடத்தில் பிடுங்கலாகாது என்பது இன்றைய முதலுதவியின் முதல் விதிகளுள் ஒன்று.

இனி அளவு. குருதி வாங்குவதற்காகச் சிரையைக் குத்தும் இயலில், தசைப்பற்றுள்ள இடங்களில் ஒரு யவம் அளவும், பிற இடங்களில் அரை யவமும் அல்லது ஒரு நெல்லளவும், என்பின் மேல் அரை யவமும் கருவி செல்லலாம் என விதிக்கப்படுகிறது. எட்டு யவம் ஓர் அங்குலம் என்னும் பழைய வாய்பாட்டைக் கொண்டால், ஒரு யவம் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர். பெருவயிற்று நோயில் நீரை வடிக்க வயிற்றைத் துளைக்கும்போதோ பெருவிரலின் வயிற்றுப்பகுதி அளவு ஆழம் வேண்டும். தோலின் ஏழு அடுக்குகளின் தடிப்பைக் கூறும் இடத்தில் நூல் ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறது: இவ்வளவுகள் தசை நிறைந்த இடங்களுக்கே உரியன, நெற்றிக்கும் மெல்லிய விரல்களுக்கும் பொருந்தா. ஆழம் என்பது இடத்தின் பண்பு, புள்ளியோடு ஒட்டிய எண் ஆகாது என்ற தெளிவு இவ்வரியில் உள்ளது. இறந்த உடலை ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவைத்துத் தூரிகையால் அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்க்கச் சொல்லும் நூல் அது. அடுக்குகளைக் கண்ட கண்ணால்தான் அப்படி எழுத முடியும்.

மாத்திரை: விசையா ஆழமா?

தமிழ் வர்ம நூல்கள் வேறொரு தேவையிலிருந்து பிறந்தவை. அகத்தியர் பெயரால் வழங்கும் வர்ம சூத்திரம், வர்ம பீரங்கி, ஒடிவு முறிவு சர சூத்திரம் முதலியன ஆசான் வழி ஏடுகளில் காக்கப்பட்டவை. 108 வர்மங்களுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96; இடவகையால் தலையில் 25, கழுத்து முதல் உந்தி வரை 45, அதற்குக் கீழ் 9, கையில் 14, காலில் 15 என்பது பரவலாக வழங்கும் கணக்கு. இடத்தைக் குறிக்க இந்நூல்கள் விரற்கடை அளவையைக் கையாள்கின்றன. ஒரு தெரிந்த எலும்பு முனையிலிருந்தோ மற்றொரு வர்மத்திலிருந்தோ இத்தனை விரற்கடை மேலே, கீழே, பக்கத்தில் என்று அவை செல்லும்.

விரற்கடை தோலின் மேல் நகரும் அளவை. உள்நோக்கிய அளவாக இந்நூல்களில் நாம் காண்பது மாத்திரை. கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை, ஒரு மாத்திரை என்று அது ஏறுகிறது. முழு மாத்திரை கொண்டால் உயிருக்கு இறுதி. குறையக் குறைய விளைவும் குறைந்து, மயக்கம், வலி, ஊனம் என அமையும். அதே இடத்தில் குறைந்த மாத்திரையில் தொட்டு இளக்குவது மருத்துவமாகிறது.

இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. மாத்திரை என்னும் சொல் தமிழில் ஒரு பொருளோடு நின்றதில்லை. தொல்காப்பியத்தில் அது ஒலியின் கால அளவு; கண்ணிமை நொடி என்னும் இயல்பான நிகழ்வுகளால் விளக்கப்படுவது. மருத்துவத்தில் அது மருந்துருண்டை. பொது வழக்கில் அளவு என்றே பொருள்படும். வர்ம நூலில் அது அடியின் அல்லது அழுத்தத்தின் விசை. ஒப்பீட்டு நோக்கில் எழுதுவோர் சீன நூல்களில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஊசி ஆழம் தரப்பட்டிருப்பதைக் கண்டு, தமிழில் அதற்கு இணை தேடும்போது மாத்திரை கைக்கு எளிதில் கிடைக்கும். ‘கால் மாத்திரை’யை ‘கால் பங்கு ஆழம்’ என்று படித்துவிட்டால் இரு மரபுகளும் அழகாகப் பொருந்திவிடும். அவ்வாறு படிக்க மூலத்தில் இடமில்லை. வர்மத்தில் கருவி விரலும் முட்டியும் கம்புமே. உடலைத் துளைத்து உள்ளே செல்லும் பொருள் எதுவும் அங்கில்லை. அடி தோலைத் துளைக்காமலேயே உள்ளே அதிர்ச்சியைக் கடத்துகிறது. ஒரே ஆழத்தில் உள்ள நரம்பு மெல்லிய அடியில் மரத்துப்போகவும் வல்லடியில் சிதையவும் கூடும். இதைக் குறிக்க விசையளவையே தேவை. ஆழத்தின் அளவை அந்த ஆசான்களுக்குத் தேவைப்படவில்லை.

தமிழ் மருத்துவத்தில் துளைத்தல் இல்லாமல் இல்லை. சித்த மருத்துவம் கூறும் 32 புறமருத்துவ முறைகளுள் சலாகை, கீறல், அறுவை, குருதி வாங்கல், பீச்சு ஆகியன உள்ளன. ஆழத்தைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளைத் தேட வேண்டிய இடம் இம்முறைகளின் ஏடுகளே. வர்ம ஏடுகளுக்குக் கிடைத்த புகழில் சிறு பங்குகூட இவற்றுக்குக் கிடைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

சீன நூல்களில் விலக்கும் எண்ணும்

சீன மரபில் ஆழம் இருவகையில் பேசப்பட்டது. ஹுவாங்தி நெய்ஜிங் என்னும் தொகுப்பின் இரு பாகங்களான சுவென், லிங்ஷு ஆகியவற்றில் இரண்டையும் காணலாம். சுவென் நூலின் 52ஆம் இயல் விலக்குகளின் தொகுப்பு. ஊசி இதயத்தில் பட்டால் ஒரு நாளில் இறப்பு, நுரையீரலில் பட்டால் மூன்று நாளில், கல்லீரலில் பட்டால் ஐந்து நாளில் என்று உறுப்புவாரியாக அது எச்சரிக்கிறது. லிங்ஷு நூலின் 12ஆம் இயலோ எண்களைத் தருகிறது: காலில் ஓடும் ஒரு நாளத்துக்கு ஆறு ஃபென் ஆழம், பத்து மூச்சு நேரம், மற்றொன்றுக்கு ஐந்து ஃபென், ஏழு மூச்சு, இப்படி இறங்கி ஒரு ஃபென், இரண்டு மூச்சு வரை, கையில் ஓடுவன எல்லாவற்றுக்கும் இரண்டு ஃபென்னுக்கு மிகாமல், ஒரு மூச்சுக்கு மிகாமல். இறந்த உடலை அறுத்துப் பார்க்கலாம் என்று சொல்வதும் இதே இயல்தான். பொ.ஆ. 16இல் வாங் மாங் என்னும் அரசர் தம் எதிரி ஒருவரின் உடலை மருத்துவரையும் இறைச்சி வெட்டுவோரையும் கொண்டு அறுக்கச்செய்து, மூங்கிற் குச்சிகளால் நாளங்களின் போக்கை அறியச்செய்தார் என்று சீன வரலாற்றேடு கூறுகிறது.

இவ்வாறு நாளத்துக்கு ஓர் ஆழம் என்றிருந்தது, பொ.ஆ. 3ஆம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி தொகுத்த நூலில் புள்ளிக்கு ஓர் ஆழமாகிறது. 1027இல் சோங் அரசவைக்காக வாங் வெய்யி மேற்பார்வையில் வார்க்கப்பட்ட வெண்கல மனித உருவம் புள்ளிகளின் இடத்தை நிலைநிறுத்தியது. இராசராசனும் இராசேந்திரனும் அனுப்பிய சோழத் தூதுகள் அதே அரசவையை அடைந்த ஆண்டுகள் 1015, 1033. இவ்விரண்டுக்கும் இடையில் அவ்வுருவம் வார்க்கப்பட்டது என்பது சுவையான உடனிகழ்வு. அதற்கு மேல் அதைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது.

காறையெலும்பின் மேலுள்ள பள்ளம்

மூன்று மரபுகளும் ஒரே உடலிடத்தைப் பற்றிப் பேசும் இடமாகக் காறையெலும்பின் மேலுள்ள பள்ளத்தை எடுத்துக்கொள்ளலாம். வர்மத்தில் காக்கட்டைக் காலம் அங்கு அமைகிறது. சீன மரபில் சுவேபென், அதாவது ‘ஒழிந்த கிண்ணம்’, அங்குள்ள புள்ளி. மேலோட்டமான ஒப்பீட்டு அட்டவணை இவ்விரண்டையும் ஒரே வரியில் எழுதி முடித்துவிடும்.

தோலை நீக்கிப் பார்த்தால், அப்பள்ளத்தின் அடியில் கழுத்துத் தசைகளுக்கு இடையே கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலும், காறையடித் தமனியும் சிரையும், அவற்றின் கீழே நுரையீரலின் முடியும் உள்ளன. நுரையீரல் மார்புக்கூட்டுக்குள் அடங்கியது என்றே நாம் எண்ணுகிறோம். அதன் முடி காறையெலும்பின் உட்பகுதிக்கு மேலே இரண்டு மூன்று செ.மீ. வரை கழுத்துக்குள் எழும்பி நிற்கிறது. அதை மூடிய உறையை ஊசி கிழித்தால் உறைகளுக்கு இடையே காற்றுப் புகுந்து நுரையீரல் சுருங்கும். மூச்சுத் திணறலும் இருமலும் மார்புவலியும் அதன் அறிகுறிகள். சிலருக்கு அவை ஊசி எடுத்துப் பல மணிநேரம் கழித்தே தோன்றும்.

இதை நினைவில் கொண்டு சுவென் 52ஆம் இயலுக்குத் திரும்பினால், சுவேபென்னில் ஊசி உள்நோக்கி ஆழ்ந்தால் உடலின் காற்று கசிந்து வெளியேறும், நோயாளி மூச்சிரைத்து இருமுவார் என்னும் பொருளில் ஒரு விலக்கு அங்கிருப்பதைக் காண்கிறோம். சுசுருதரோ மார்பின் இருபுறமும் காற்றைச் சுமக்கும் இரு நாடிகளை அபத்தம்பம் என்று பெயரிட்டு, அவை அடிபட்டால் உடலறை காற்றால் நிரம்பி, இருமலாலும் மூச்சிரைப்பாலும் இறப்பு நேரும் என்கிறார். அதை அவர் வைத்திருக்கும் வகை ‘காலம் தாழ்த்து உயிர்போக்குவது’.

ஒரே நோய்க்காட்சியை இரு மரபுகளும் கண்டிருக்கின்றன என்றே இக்கட்டுரை கருதுகிறது. ஒன்று காற்று வெளியே கசிந்ததாக எண்ணியது. மற்றொன்று காற்று உள்ளே நிரம்பியதாக எண்ணியது. உறைகளுக்கு இடையே புகுந்த காற்று நுரையீரலை அழுத்துகிறது என்னும் இன்றைய விளக்கத்துக்குச் சுசுருதரின் சொல் சற்று நெருங்கியது. ஆனால் அவர் கூறும் இடம் மார்பு. சீன நூல் கூறுவது காறையின் மேற்பள்ளம். அறிகுறி ஒத்துப்போக, இடம் விலகுகிறது. வர்மமும் சீனமும் இடத்தில் ஒத்துப்போக, செயல் விலகுகிறது: ஒன்றில் விரல் அழுத்துகிறது, மற்றொன்றில் ஊசி துளைக்கிறது. மூன்றையும் ஒரே வரியில் அடைக்கும் அட்டவணை இவ்விலகல்களைத்தான் முதலில் இழக்கும். ஊசி பிடிப்பவருக்கு மிகுதியும் தேவைப்படுவதும் அவையே.

நெஞ்சு நடுவிலிருந்து மற்றொரு சான்று. முலைக்காம்புகளுக்கு நடுவே மார்பெலும்பின் மேலுள்ள தான்சோங் புள்ளிக்கு ஹுவாங்ஃபு மி மூன்று ஃபென் ஆழம் தருகிறார். பிற்கால நூல்கள் சில அங்கு ஊசி ஏற்றுவதையே விலக்கின. எலும்பு காக்கும் இடத்தில் விலக்கு எதற்கு என்று தோன்றலாம். நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேருக்கு மார்பெலும்பின் கீழ்ப்பகுதியில் பிறவித் துளை உண்டு. வெளியே தடவிப் பார்த்து அதை அறிய முடியாது. 1995இல் ‘லான்செட்’ இதழ் நார்வே நாட்டு நிகழ்வு ஒன்றை வெளியிட்டது. அத்தகைய துளை வழியே சென்ற அக்குபங்சர் ஊசி இதயத்தைத் தைக்க, இதய உறையில் குருதி தேங்கி நோயாளி இறந்தார். விலக்கு எழுதிய சீன ஆசிரியர்கள் துளையைக் கண்டிருக்க வேண்டியதில்லை. காரணம் விளங்காத ஓர் இறப்பைக் கண்டிருந்தாலே விலக்கு எழுதப் போதும். பழைய நூல்களின் விலக்குகளை அவற்றின் விளக்கங்களைவிட உயர்வாக மதிக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

அங்குலம் என்னும் சொல்லின் மூன்று நீளங்கள்

எண்கள் ஏன் நம்பத்தகாதவை என்பதை அளவுகோலைக் கொண்டே காட்டலாம். பத்து ஃபென் ஒரு சுன்; பத்து சுன் ஒரு சி. ஹான் காலத்துச் சி ஏறத்தாழ 23 செ.மீ.; சோங் காலத்தில் அது 31 செ.மீ. அளவுக்கு வளர்ந்தது, இருபதாம் நூற்றாண்டில் ஒரு மீட்டரில் மூன்றிலொரு பங்காக, 33.3 செ.மீ. என நிலைப்படுத்தப்பட்டது. முதுகில் மூன்றாம் முள்ளெலும்பின் பக்கவாட்டில் உள்ள நுரையீரற் புள்ளிக்கு ஹுவாங்ஃபு மி தரும் ஆழமும் மூன்று ஃபென். கோலால் அளந்ததாகக் கொண்டால் அவர் காலத்தில் அது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர், சோங் காலத்தில் 9, இன்று 10. எண் மாறாமல் படியெடுக்கப்பட, ஊசி மட்டும் மூன்று மில்லிமீட்டர் உள்ளே சென்றுவிட்டது. தோட்பட்டையெலும்பின் உள்விளிம்பை ஒட்டியும் காறையெலும்பின் நடுக்கோட்டிலும் நுரையீரலின் மேற்பரப்பு தோலிலிருந்து 10 முதல் 20 மில்லிமீட்டர் தொலைவில்தான் உள்ளது என்று அக்குபங்சர் காயங்களை ஆராய்ந்த செருமானிய உடற்கூற்றியலாளர் 2001இல் எழுதினர். மெலிந்தவரிடம் மூன்று மில்லிமீட்டர் சிறிய வேறுபாடு ஆகாது.

கோலால் அளக்காமல் நோயாளியின் விரலால் அளந்ததாகவும் கொள்ளலாம். அந்த முறை மூன்று மரபுகளுக்கும் பொது: சீனரின் உடற்சுன், சுசுருதரின் தன்-அங்குலம், தமிழரின் விரற்கடை. அது இடம் காண ஏற்ற முறை; உயரமானவரின் முழங்கை நீளமும் விரல் அகலமும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் வளரும். ஆழத்துக்கு இவ்விகிதம் செல்லாது. பருத்தவரிடம் தோலுக்கும் விலாவுக்கும் இடையே கொழுப்பு கூடுகிறது, பெருவிரல் அகலம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை.

தமிழ் வாசகருக்கு இதற்கு மேலும் ஒரு தடை உண்டு. 1980களில் பெய்ஜிங்கிலிருந்து வெளிவந்த ஆங்கிலப் பாடநூல்கள் புள்ளியின் இடத்தைச் சுன் என்றும், ஊசியின் ஆழத்தை ஆங்கிலேய அங்குலம் என்றும் அச்சிட்டன. தமிழில் அங்குலம் இன்று 2.54 செ.மீ. நீளம். வடமொழி மருத்துவ நூலின் அங்குலம் ஒரு விரலகலம், ஏறத்தாழ 1.9 செ.மீ. சுன்னைத் தமிழாக்குவோரும் சில வேளை அங்குலம் என்றே எழுதிவிடுகின்றனர். இன்றைய சீனக் கோலில் அது 3.3 செ.மீ. ‘அரை அங்குலம்’ என்னும் ஒரு தமிழ்த் தொடர் 9.5 மில்லிமீட்டரையோ 12.7 மில்லிமீட்டரையோ 16.7 மில்லிமீட்டரையோ குறிக்கலாம். முதல் எண்ணில் முதுகின் நுரையீரற் புள்ளி பெரும்பாலோரிடம் தப்பும்; மூன்றாம் எண்ணில் நேராக ஏற்றினால் தப்பாமல் போகக்கூடும். அப்பாடநூல்கள் அங்குச் சாய்வாக ஏற்றச் சொல்வது இதனால்தான். மொழிபெயர்ப்பில் ‘சாய்வாக’ என்னும் சொல் உதிர்ந்தால் எண் மட்டும் எஞ்சும்.

உலகநல நிறுவனம் 2008இல் மேற்குப் பசிபிக் வட்டார அலுவலகத்தின் வழி 361 புள்ளிகளின் இடங்களைச் சீர்ப்படுத்தி வெளியிட்டது. அந்நூலும் இடத்தையே தருப்படுத்துகிறது. ஆழத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை. அதே நிறுவனம் 1999இல் வெளியிட்ட பயிற்சி, பாதுகாப்பு வழிகாட்டியில் இடர்மிக்க உடற்பகுதிகள் பேசப்படுகின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் ஊசி வந்த வழி

இந்தியாவுக்கு அக்குபங்சர் வந்த வரலாற்றைச் சுருக்கமாகவே இங்குக் குறிக்கலாம். 1938இல் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவில் கோட்னிஸ் அவர்களோடு சென்ற பி.கே. பாசு, 1950களின் இறுதியில் மீண்டும் அங்கு சென்று இக்கலையைக் கற்று 1959இல் கல்கத்தாவில் தொடங்கினார். இலங்கையில் கொழும்பு தெற்கு மருத்துவமனையில் அன்ரன் ஜயசூரிய இதை வளர்த்தார். மேற்கு வங்கம் 1996இல் தனிச் சட்டம் இயற்றியது. நடுவண் அரசு 2019 பெப்ரவரியில் அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்றது. பாசுவும் ஜயசூரியவும் நவீன மருத்துவம் பயின்றோர். உடலறுத்துக் கற்ற உடற்கூற்றியல் அவர்களுடைய கையில் ஊசியோடு சேர்ந்தே வந்தது. தமிழ்நாட்டில் பின்னர் பரவிய குறுகியகாலப் பயிற்சிகளில் அது அதே அளவில் சேர்ந்து வந்ததா என்பதே கேள்வி. ஒற்றைப் புள்ளியில் மேலோட்டமாக ஊசியிடுவதும், ஊசியின்றி விரலால் தொடுவதும் இங்குப் பரவலாக உள்ளன. கோட்பாட்டைப் பற்றி எக்கருத்துக் கொண்டாலும், ஆழச் சிக்கலை அம்முறைகள் தவிர்த்துவிடுகின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அறிந்தோ அறியாமலோ அவை வர்மத்தின் தொடுகைக்கு அருகில் வந்து நிற்கின்றன.

இடரை மிகைப்படுத்துவதும் வரலாற்றுக்கு நேர்மை ஆகாது. பிரித்தானியாவில் 34,407 சிகிச்சைகளைக் கண்காணித்து 2001இல் வெளியான ஆய்வில் கடுமையான தீங்கு எதுவும் பதிவாகவில்லை. செருமனியில் 2,29,230 நோயாளிகளைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வில் நுரையீரல் உறையில் காற்றுப் புகுந்தோர் இருவர். அந்த எண்கள் உடற்கூற்றியல் பயின்று தகுதி பெற்றோரின் கைகளுக்கு உரியவை. பயிற்சி வேறான இடத்துக்கு அவற்றை அப்படியே கொண்டுவர இயலாது.

பதிப்பும் அளவீடும்

இதிலிருந்து இரு பணிகள் எழுகின்றன. வர்ம ஏடுகளைப் பதிப்பிப்போரும் மொழிபெயர்ப்போரும் மாத்திரையை மாத்திரை என்றே விட்டு, ஒவ்வொரு வரியிலும் அது விசையா, காலமா, அளவா என்பதை அடிக்குறிப்பில் காட்ட வேண்டும். ஆழம் என்று பெயர்க்கலாகாது. அங்குலம் வரும் இடங்களில் எந்த அங்குலம் என்பதை மில்லிமீட்டரில் தர வேண்டும்.

மற்றது பதிப்பகத்துக்கு வெளியே உள்ளது. சீன, ஐரோப்பிய உடல்களில் அளந்த தோல்–நுரையீரல் தொலைவுகளையே நாம் இன்று மேற்கோள் காட்டுகிறோம். கீழப்பழுவூரை அடுத்த அரியலூரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சித்த மருத்துவரும் உடற்கூற்றியலாளரும் ஒரே மேசையில் நின்று, காக்கட்டைக் காலத்தின் இடத்தை ஏட்டின்படி விரற்கடையால் குறித்து, அதன் கீழ் நுரையீரலின் முடி எத்தனை மில்லிமீட்டரில் உள்ளது என்பதை இம்மண்ணின் உடல்களில் அளந்து எழுதலாம். அத்தகைய அட்டவணையின் முதல் நிரலில் புள்ளியின் தமிழ்ப் பெயர், இரண்டாவதில் இடம், மூன்றாவதில் கீழுள்ள உறுப்பு, நான்காவதில் மிக மெலிந்த உடலில் கண்ட தொலைவு என்றிருக்க வேண்டும். சராசரியை ஐந்தாவதில் எழுதிக்கொள்ளலாம்.